புது செட் வருவதற்கு முன்பே லைன், பேட்டரி, கேமராவைக் கணிப்பது எப்படி? கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜனவரியும் செப்டம்பரும் வந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான். "அண்ணே, புது செட் வருதாம். முன்பதிவு போடவா, வேண்டாமா?" செந்தூலில் இருக்கிறேன். போன் கடை வைத்திருக்கவில்லை, அந்தத் துறையில் வேலையும் இல்லை. பத்து வருடமாக லோ யாட் பிளாசாவின் போன் கடைகளில் ஏறி இறங்கியதும், சொந்த வெள்ளியைக் கொடுத்து இரண்டு மூன்று தடவை ஏமாந்ததும்தான் என் தகுதி.

ஏமாந்த பிறகு ஒரு கணக்கு பிடிபட்டது. போனில் உள்ள எதையும் இரண்டு கூடையில் போடலாம். பிறகு அப்டேட் வந்தால் சரியாகக்கூடியது ஒரு கூடை. எத்தனை அப்டேட் வந்தாலும் மாறாதது இன்னொரு கூடை. விளம்பரம் முதல் கூடையைப் பற்றியே பேசும். நாம் இரண்டாவது கூடையிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் லைன் முதலில், பேட்டரி அடுத்து, கேமரா கடைசியில். நம் பிள்ளைகள் பார்ப்பதோ நேர் தலைகீழ்!

படி 1: பெயரை விடுங்கள், மாடல் எண்ணைப் பிடியுங்கள்

ஒரே பெயரில் விற்கும் போன் நாட்டுக்கு நாடு வேறு வேறு செட்டாக இருக்கும். ஷாவ்மி 15 அல்ட்ரா சீனாவில் 6000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பேட்டரியோடு விற்றது. உலகப் பதிப்பில் 5410 தான். சாம்சங் எஸ்24க்கு அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் சிப், நம் பக்கம் எக்ஸினோஸ். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் ஐபோன் 14 தொடங்கி சிம் கார்டு போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும். ஆகவே யூடியூபில் ஓர் அமெரிக்கரோ சீனரோ புகழ்ந்து தள்ளும் செட்டும் நம் கடைக்கு வரப்போகும் செட்டும் ஒன்றுதானா என்பதே முதல் கேள்வி.

மாடல் எண் எங்கே கிடைக்கும்? மலேசியாவில் விற்க வேண்டிய போனுக்குத் தர நிறுவனமான சிரிமின் சோதனையும் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் முத்திரையும் வேண்டும். புது செட்டுகளின் மாடல் எண்கள் வெளியீட்டு விழாவுக்கு முன்பே சிரிம் பட்டியலில் தலைகாட்டுவது வழக்கம். உள்ளூர்த் தொழில்நுட்பச் செய்திகள் அதை உடனே எடுத்துப் போடும். பட்டியலில் வந்துவிட்டால் அந்தப் பதிப்பு இங்கே வருகிறது என்று நம்பலாம்.

இன்னும் மூன்று வெளிநாட்டுக் கதவுகள் உண்டு. சீனாவின் டீனா பதிவில் பேட்டரி அளவும் கேமரா விவரமும் தெரியும். அதே நாட்டின் 3சி சான்றிதழில் சார்ஜர் எத்தனை வாட் என்பது வெளிவரும். அமெரிக்காவின் எஃப்சிசி ஆவணத்தில் அலைவரிசைகள் இருக்கும். ஆனால் எஃப்சிசி சோதிப்பது அமெரிக்காவில் பயன்படும் அலைவரிசைகளைத்தான். அதில் நம் ஊர்ப் பேண்ட் (அலைவரிசை) ஒன்று இல்லை என்பதற்காக மனம் உடைந்துபோக வேண்டாம்.

படி 2: லைன் கிடைக்குமா?

இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

2022ஆம் ஆண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அம்மாவுக்கு ஒரு செட் கொண்டுவந்தார். பார்க்க அழகு, விலையும் குறைவு. இரண்டு வாரத்தில் சண்டை ஆரம்பித்துவிட்டது. "எத்தனை தடவை போன் அடிச்சேன், எடுக்கவே மாட்டேங்கிறீங்க" என்று நான். "மணியே அடிக்கலடா" என்று அம்மா. சிம்மை மாற்றினேன், வேறு டெல்கோவுக்கு, அதாவது வேறு தொலைபேசி நிறுவனத்துக்குத் தாவினேன், சமையலறையில் நின்று பேசினால் லைன் வருமா என்றுகூடப் பார்த்தேன். குற்றம் டெல்கோவுடையது இல்லை. அந்த செட்டில் இங்குள்ள வலையமைப்புக்கான வோல்டி இல்லை.

ஏன் அது அவ்வளவு முக்கியம்? மலேசியாவில் 3ஜி சேவை 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது குரல் அழைப்பு 4ஜி வழியாகப் போனால் அதன் பெயர் வோல்டி (VoLTE). அது இல்லாத போன், அழைப்பு வரும்போது பழைய 2ஜிக்கு இறங்க வேண்டும். நடுவில் படிக்கட்டாக இருந்த 3ஜி போய்விட்டது. 2ஜி பலவீனமாக இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குள் அழைப்பு வந்து சேராது. சேர்ந்தாலும், பேசி முடிக்கும் வரை இணையம் நின்றுபோகும்.

இதில் ஒரு நுணுக்கம். போனுக்கு வோல்டி திறன் இருப்பது வேறு, உங்கள் டெல்கோவின் வலையில் அது திறந்திருப்பது வேறு. தயாரிப்பாளரும் டெல்கோவும் கைகோத்து அந்த மாடலுக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். டெல்கோக்கள் தங்கள் பக்கத்தில் வோல்டி, வைஃபை அழைப்பு, 5ஜி ஆகியவை வேலை செய்யும் மாடல்களின் பட்டியலைப் போட்டு வைத்திருக்கும். புது செட் அந்தப் பட்டியலில் ஏறும் வரை, "வரும், வரும்" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். கூகுள் பிக்சல் இதற்கு நல்ல உதாரணம். 2024இல்தான் அது இங்கே அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் அதை வாங்கியவர்கள் எல்லாம் ஏபி செட், அதாவது அதிகாரபூர்வ முகவர் வழியாக வராத செட் வாங்கியவர்கள்தான்.

அடுத்து அலைவரிசை. இது மாறாத கூடையில் இருப்பது. வன்பொருளில் இல்லாத பேண்ட் எந்த அப்டேட்டிலும் முளைக்காது. மலேசியப் பதிப்பின் விவரப் பக்கத்தைத் திறந்து இவற்றைத் தேடுங்கள்.

4ஜிக்குப் பேண்ட் 1, 3, 7, 8. அதாவது 2100, 1800, 2600, 900 மெகாஹெர்ட்ஸ். நகரத்தில் 1800உம் 2600உம் வேகத்தைக் கொடுக்கும். 900 தொலைவு போகும், சுவரையும் துளைக்கும். தோட்டப்புறத்தில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு வாங்குவதாக இருந்தால் பேண்ட் 8 கட்டாயம். யூனிஃபை மொபைல் வைத்திருப்பவர்கள் கூடுதலாகப் பேண்ட் 5, அதாவது 850 இருக்கிறதா என்று பாருங்கள்.

5ஜிக்கு என்78, என்28. முதலாவது 3.5 கிகாஹெர்ட்ஸ், இரண்டாவது 700 மெகாஹெர்ட்ஸ். டிஜிட்டல் நேஷனல் நிறுவனம் 2021 டிசம்பரில் புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூரின் சில பகுதிகளில் தொடங்கிய வலையமைப்பு இந்த இரண்டிலும்தான் ஓடுகிறது. 2024 நவம்பரில் இரண்டாவது 5ஜி வலையமைப்பைக் கட்டும் பொறுப்பு யூ மொபைலுக்குக் கொடுக்கப்பட்டது. என்78 வெளியே நின்றால் பறக்கும், காங்கிரீட் சுவருக்குப் பின்னால் சோர்ந்துவிடும். "5ஜி உண்டு" என்று பெட்டியில் போட்டிருந்தாலும், என்28 இல்லாத செட் வீட்டின் உள்ளறையில் அடிக்கடி 4ஜிக்கு இறங்கும். இந்தியாவிலும் 5ஜி பெரும்பாலும் என்78, என்28இல்தான். அதனால் சென்னையிலிருந்து வரும் செட்டுக்கு அலைவரிசைத் தொல்லை பொதுவாகக் குறைவு. வோல்டி, 5ஜி அனுமதியை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏபி செட் பற்றி ஒரு வார்த்தை

அதிகாரபூர்வ முகவர் வழியாக வராமல் கடைக்காரர்களே வெளியிலிருந்து இறக்கும் போனை நாம் ஏபி செட் என்கிறோம். பல நூறு வெள்ளி மிச்சம் ஆகும், பொய் சொல்லவில்லை. ஆனால் சீனப் பதிப்பு என்றால் கூகுள் சேவைகளை நாமே ஏற்ற வேண்டியிருக்கலாம், அறிவிப்புகள் தாமதமாகலாம், உத்தரவாதம் அந்தக் கடையின் வாய்ச்சொல்லோடு நிற்கும். சில ஜப்பான் பதிப்புகளில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது. கோயிலில் அர்ச்சனை நடக்கும்போது 'கிளிக்' என்று கேட்டால் குருக்கள் திரும்பிப் பார்ப்பார். சில சாம்சங் செட்டுகளில், வாங்கிய வட்டாரத்தின் சிம்மைப் போட்டு ஐந்து நிமிடமாவது பேசிய பிறகுதான் வேறு நாட்டு சிம் ஏறும்.

பழைய மாடலை ஏபியாக வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். அதன் குறைகள் எல்லாம் வெளியே வந்திருக்கும். புத்தம் புது மாடலை வெளியான முதல் மாதத்திலேயே ஏபியாக வாங்குவது மட்டும் வேண்டாத வேலை.

படி 3: பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

எம்ஏஎச் எண்ணை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. அந்த எண்ணே இரண்டு வகை. விளம்பரத்தில் வருவது சராசரி அளவு. டீனா போன்ற பதிவுகளில் வருவது உறுதியாகக் கிடைக்கும் குறைந்த அளவு. 5000 என்று விற்கும் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் உறுதி அளவு 4855. கசிந்த செய்தியில் 4855 என்று பார்த்துவிட்டு "பேட்டரியைக் குறைத்துவிட்டார்கள்" என்று குழுவில் அலறியவன் நான்தான். ஆப்பிள் விளம்பரத்தில் எம்ஏஎச் சொல்வதே இல்லை. "இத்தனை மணி நேரம் வீடியோ" என்று மட்டும் சொல்லும். வீடியோ ஓடுவது போனுக்குச் சுலபமான வேலை, அந்த மணிக்கணக்கை நம் நாளோடு ஒப்பிடவே முடியாது.

நான் போடும் கணக்கு இது. உங்கள் பழைய போனே அளவுகோல். அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய், ஒரு வாரத்துக்கு, முழு சார்ஜில் திரை எவ்வளவு நேரம் எரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கேகால் மணி நேரம், அதாவது 255 நிமிடம் என்று வைப்போம். பழைய பேட்டரி 4500, ஆரோக்கியம் 85 விழுக்காடு. அப்படியானால் உண்மையில் இருப்பது 3825. புது செட் 5000 என்றால் 5000ஐ 3825ஆல் வகுங்கள், ஏறக்குறைய 1.307 வரும். 255ஐ அதால் பெருக்கினால் 333 நிமிடம். ஐந்தரை மணி நேரம்.

சரி, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? புது சிப் சிக்கனமானது, திரை புதுப்பிக்கும் வேகம் ஒரு ஹெர்ட்ஸ் வரை இறங்கக்கூடியது என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். திரை பெரியது, பளிச்சென்று எரிவது என்றால் கொஞ்சம் கழியுங்கள். நான் பத்து விழுக்காட்டுக்கு மேல் இரண்டு பக்கமும் போவதில்லை. பிறகு அந்த 333ஐ 80 விழுக்காட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். 266 நிமிடம். இரண்டு மூன்று வருடம் கழித்து, இப்போது பழைய போனில் என்ன அனுபவிக்கிறீர்களோ கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். வாங்கிய நாளின் ஐந்தரை மணி நேரத்துக்குக் காசு கொடுக்கிறோமா, மூன்றாம் வருடத்தின் நான்கரை மணி நேரத்துக்கா என்பதை இங்கேயே முடிவு செய்துவிடலாம்.

பேட்டரி எப்போது அந்த 80க்கு இறங்கும் என்பதும் இப்போது எழுத்தில் கிடைக்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு எரிசக்தி முத்திரை கட்டாயம். ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம், எத்தனை சுற்று சார்ஜ் வரை 80 விழுக்காடு நிலைக்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். குறைந்தது 800 சுற்று தாங்க வேண்டும் என்பது அங்கே விதி. தினம் ஒரு முழுச் சுற்று என்றால் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். ஆப்பிள் ஐபோன் 15 முதல் 1000 சுற்று என்கிறது, 14 வரை 500தான். அந்த முத்திரை நம் பெட்டியில் இருக்காது. ஆனால் மாடல் பெயரைப் போட்டு யாரும் தேடிப் பார்க்கலாம். நம் ஊருக்கு வரும் பதிப்பின் எம்ஏஎச்சும் அங்கே உள்ளதும் ஒன்றா என்று மட்டும் சரிபாருங்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று வெயில். போன்களை 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு வெளியே நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதை எப்போதோ தாண்டியிருக்கும். கிராப் ஓட்டும் தம்பிகள் கண்ணாடி ஓரம் போனை மாட்டி, வழிகாட்டியை ஓடவிட்டு, கூடவே சார்ஜும் போடுவார்கள். இதைவிட வேகமாக பேட்டரியைக் கிழவனாக்க வழி இல்லை. ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள். இன்னொன்று பலவீனமான லைன். கோபுரம் எட்டாதபோது போன் கத்திப் பேச வேண்டியிருக்கிறது, சக்தி கரைகிறது. படி 2இல் பேண்ட் 8உம் என்28உம் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். லைன் சரியில்லாத செட்டுக்கு 6000 எம்ஏஎச் கொடுத்தாலும் மாலைக்குள் பவர் பேங்கைத் தேடும்.

வேகச் சார்ஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிக்குள் சார்ஜர் உண்டா, உண்டென்றால் நம் மூன்று பின் பிளக்கா என்று பாருங்கள், போதும்.

படி 4: கேமரா

மெகாபிக்சலில் மயங்க வேண்டாம். 200 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக எடுப்பது 12.5 மெகாபிக்சல் படம்தான், 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து. அதைவிட உணரியின், அதாவது ஒளியை வாங்கும் சென்சாரின் அளவைக் கவனியுங்கள். 1/1.3 அங்குலம், 1/1.56 அங்குலம் என்று போட்டிருக்கும். கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால் உணரி பெரியது, இருட்டில் அதிக வெளிச்சம் வாங்கும். கடந்த ஆண்டு மாடலின் அதே உணரிதானா என்றும் பாருங்கள். அதேதான் என்றால் மாறியது பெரும்பாலும் மென்பொருள்தான், பழைய மாடலைக் குறைந்த விலைக்கு வாங்குவதே கெட்டிக்காரத்தனம்.

உணரி, லென்ஸ், ஓஐஎஸ் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு), ஆப்டிகல் ஜூம் (லென்ஸாலேயே கிடைக்கும் ஜூம்) இவை மாறாத கூடை. நிறம், தோல் நிறம், இரவுப் படம், ஷட்டர் வேகம் இவை ஓரளவு மாறும் கூடை. வெளியான முதல் வாரத்தில் வரும் மாதிரிப் படங்கள் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் வெள்ளைக்காரர் முகத்தையோ மலர்ச்செடியையோ காட்டும். நமக்கு வேண்டியது வேறு. மாதிரிப் படத்தில் நான் தேடுபவை மூன்று.

முதலில் கறுத்த தோல். பல செட்டுகளில் முக அழகுபடுத்தல் வாங்கும்போதே போட்டுத்தான் வரும். என் அத்தை மகளின் நிச்சயதார்த்தப் படத்தில் மணப்பெண் மூன்று நிறம் வெளுத்து, பக்கத்தில் நின்ற அவள் அப்பா யாரோ போல இருந்தார். கூகுள் 2021இல் பிக்சல் 6இலிருந்து ரியல் டோன் என்ற பெயரில் இதைச் சரிசெய்யத் தொடங்கியது. மற்றவர்கள் எந்த அளவுக்கு என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு சுலபச் சோதனை: மல்லிகைச் சரம் வைத்த ஒருவரை எடுங்கள். பூ வெள்ளையாகவும் முகம் முகமாகவும் இருந்தால் அந்தக் கேமரா தேறும். பூவும் முகமும் சேர்ந்து வெளுத்தால் தேறாது.

இரண்டாவது, வெளிச்சமும் இருட்டும் ஒரே சட்டத்துக்குள். இதற்குப் பத்துமலையைவிட நல்ல பரிசோதனைக்கூடம் உலகத்தில் இல்லை என்பேன். 272 படி ஏறி, குகைக்குள் நின்று, மேலே திறப்பு வழியாக வானம் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். நல்ல செட்டில் பாறையின் மடிப்பும் தெரியும், வானத்தின் நீலமும் தெரியும். மோசமான செட்டில் வானம் ஒரு வெள்ளை ஓட்டை. இறங்கி வந்து 2018இல் வண்ணம் தீட்டிய படிகளையும் 42.7 மீட்டர் முருகனையும் எடுங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிடப் படி பளபளத்தால் மென்பொருள் நிறத்தை ஏற்றுகிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, அசைவு. தைப்பூசத்தில் ஆடிக்கொண்டே வரும் காவடியை அந்தி வெளிச்சத்தில் எடுக்க முடிந்தால் எதையும் எடுக்கலாம். ஓஐஎஸ் நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், காவடியின் ஆட்டத்தைப் பிடிக்காது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், ஷட்டர் வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்குப் பெரிய உணரி வேண்டும். ஜூமுக்கும் இதே கதைதான். 100 மடங்கு என்பது பெரும்பாலும் கணினி வரைந்தது. மூன்று மடங்கோ ஐந்து மடங்கோ உண்மையான லென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள், கூட்டத்துக்குப் பின்னால் நிற்பவருக்கு அதுதான் உதவும்.

படி 5: வாங்கும் நாளும் முதல் வாரமும்

முன்பதிவில் தரும் காதுக்கருவிக்காக அவசரப்பட வேண்டாம். டெல்கோ பட்டியலில் மாடல் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கடையில் பெட்டியைத் திறந்ததும் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். எம்சிஎம்சி முத்திரை பெட்டியிலோ போனின் அமைப்புகளுக்குள்ளோ இருக்கும். உங்கள் சொந்த சிம்மை அங்கேயே போடுங்கள். "வீட்ல போய்ப் போட்டுக்கோங்க பாஸ்" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே போட்டுவிடுங்கள். ஓர் அழைப்பு எடுத்து, பேசும்போது மேலே 4ஜியோ 5ஜியோ நிலைத்து நிற்கிறதா, வோல்டி அடையாளம் வருகிறதா என்று பாருங்கள். 2ஜிக்கோ, அதே 2ஜியைக் குறிக்கும் 'E' எழுத்துக்கோ இறங்கினால் என் அம்மாவின் கதைதான். பணம் கட்டும் முன் திருப்பிக் கொடுங்கள்.

லோ யாட்டில் வாங்கினால் ஒரு வசதி. பக்கத்திலேயே புக்கிட் பிந்தாங் எம்ஆர்டி நிலையம். வீட்டுக்கு ஓர் அழைப்பைப் போட்டுப் பேசிக்கொண்டே காஜாங் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். டிஆர்எக்ஸ், காக்ரேன், மாலூரி வரை பாதை நிலத்தடியில்தான். அழைப்பு அறுபடாமல் மாலூரியில் இறங்கி வெளியே வந்தால் லைன் கணக்கு முடிந்தது.

பேட்டரியை முதல் மூன்று நாளில் எடை போடாதீர்கள். படங்களையும் செயலிகளையும் இறக்கி அடுக்கிக்கொண்டிருக்கும், வேகமாகத்தான் இறங்கும். நான்காம் நாளிலிருந்து திரை நேரத்தைக் குறித்து, நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். கால் மணி நேரம், அரை மணி நேரம் கூடக் குறைய வந்தால் பரவாயில்லை. ஒன்றரை மணி நேரம் குறைந்தால், எந்தச் செயலி தின்கிறது என்று பார்த்துவிட்டு, காரணம் கிடைக்காவிட்டால் ரசீதோடு கடைக்குப் போங்கள். ரசீது வெப்பத்தாளில் அச்சாகியிருக்கும், நாளாக ஆக எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே புது கேமராவால் அதைப் படம் எடுத்து வையுங்கள்.